சமர்ப்பித்த மாதிரிக்கு மாத்திரம்

உப்புவெளியில், வீட்டோடு ஒட்டிய சமையலறையில் நாள்தோறும் 120 மதியச் சோற்றுப் பார்சல் கட்டித் திருகோணமலை நகரத்து அலுவலகங்களுக்குக் கொடுக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "ஐந்து பார்சலை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தேன். சல்மொனெல்லா காணப்படவில்லை, ஈ. கோலை 10க்குக் குறைவு என்று அறிக்கை வந்துவிட்டது. இனி என் சாப்பாட்டில் பயமில்லை என்று சொல்லலாமா? புதிதாக ஓடர் தரும் நிறுவனம் ஒன்று மாதாமாதம் இந்த அறிக்கை வேண்டும் என்கிறது. அந்தச் செலவு எனக்குக் கட்டாது. செய்யத்தான் வேண்டுமா, அண்ணா?"

தங்கச்சி, அறிக்கையைத் திருப்பி எடுத்து, கையெழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வரியைப் படியுங்கள். "இம்முடிவுகள் சமர்ப்பிக்கப்பட்ட மாதிரிக்கு மாத்திரமே பொருந்தும்" என்றோ, அதே பொருளில் வேறு சொற்களிலோ இருக்கும். பல வருடம் உணவு ஆய்வுகூடத்தில் வேலை செய்த எனக்கு, அந்த அறிக்கையிலேயே மிக நேர்மையான வரி அதுதான். உங்கள் முதல் கேள்விக்குப் பதிலும் அதில்தான் இருக்கிறது. அந்த ஐந்து பார்சலைப் பற்றி, அவற்றிலும் நாங்கள் கிள்ளி எடுத்த சிறு பங்கைப் பற்றி, அறிக்கை சொன்னது உண்மை. மீதி 115 பார்சலைப் பற்றியும், நாளைக்குக் கட்டப்போகும் 120ஐப் பற்றியும் அது வாயே திறக்கவில்லை.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். பார்சலைக் கிருமிநீக்கிய கத்தரிக்கோலால் வெட்டித் திறந்து, சோற்றில் கொஞ்சம், கறியில் கொஞ்சம், சம்பலில் கொஞ்சம் எடுத்து 25 கிராம் நிறுப்போம். அதை 225 மில்லிலீற்றர் ஊட்டக் கரைசலோடு ஒரு பையில் இட்டால், இயந்திரத்தின் இரண்டு தகடுகள் மாறிமாறி அதை மிதித்துக் குழைக்கும். பிறகு 37 பாகை வெப்பத்தில் ஓர் இரவு. சமையலின் சூட்டிலும் புளியிலும் அடிபட்டுக் கிடக்கும் கிருமி தெம்பு பெற்று எழும்ப அந்த இரவு தேவை. மறுநாள், வயிற்றோட்டமும் காய்ச்சலும் தரும் சல்மொனெல்லாவை வளரவிட்டு மற்றவற்றை அடக்கும் வேறு கரைசல்களுக்கு மாற்றுவோம். மூன்றாம் நாள் சிவப்பு நிற ஊடகத்தில் கீறிவிடுவோம். நாலாம் நாள் காலையில் கிண்ணத்தின் மூடியைத் திறக்கும்போது, சிவந்த வட்டத்தின் நடுவே கறுத்த புள்ளியோடு, மீன் கண்ணைப் போல ஏதாவது முழித்துக்கொண்டிருந்தால் நெஞ்சு திக்கென்றிருக்கும். அதை உறுதிப்படுத்த இன்னும் ஒரு நாள் வேண்டும். ஆக ஐந்து நாள். அந்தப் பார்சலின் கூடப்பிறந்தவை எல்லாம் ஐந்து நாளுக்கு முன்பே வயிற்றுக்குள் போய்விட்டன. டின்னில் அடைத்த மீனையோ பால்மாவையோ முடிவு வரும்வரை களஞ்சியத்தில் பூட்டி வைக்கலாம். காலை பத்து மணிக்குக் கட்டி ஒன்றரைக்குச் சாப்பிடும் சோற்றை எங்கே பூட்டி வைப்பது?

மலத்தின் அழுக்கு பட்டதைக் காட்டும் கிருமி ஈ. கோலை. அதற்கு எழுதும் "10க்குக் குறைவு" என்பதையும் பலர் பூச்சியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உணவைப் பத்து மடங்கு ஐதாக்கி, அதில் ஒரு மில்லிலீற்றரை, அதாவது உணவில் பத்தில் ஒரு கிராமை, கிண்ணத்தில் விடுகிறோம். ஒன்றும் முளைக்காவிட்டால் அப்படி எழுதுகிறோம். ஒரு கிராமில் ஐந்தாறு உயிருள்ள ஈ. கோலை இருந்தாலும் அந்தக் கிண்ணம் வெறுமையாக இருக்க முடியும். அதேபோல, "25 கிராமில் காணப்படவில்லை" என்றால் தேடிய 25 கிராமில் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். உணவு முழுவதிலும் "இல்லவே இல்லை" என்று எந்த ஆய்வுகூடமும் எழுதாது. எழுதவும் கூடாது.

இனிக் கணக்கு. உங்கள் 120 பார்சலில் ஆறில் மட்டும் கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பல் பிசைந்தவரின் விரலில் இருந்த காயத்துத் துணி அவிழ்ந்தபோது அந்த ஆறு பார்சல் மட்டும் மாட்டிக்கொண்டன. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து பார்சலை எடுத்தால், ஐந்துமே சுத்தமானவையாக அமையும் வாய்ப்பு 100க்கு 77. நாலில் மூன்று தடவைக்கு மேல் நல்ல அறிக்கை வரும், ஆறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். சரி, பாதியைத் திறந்துவிடுவோம், 60 பார்சலையும் பரிசோதிப்போம் என்றால், அப்போதும் அந்த ஆறும் தப்பிவிட 100க்கு ஒன்றுக்குச் சற்று மேலான வாய்ப்பு இருக்கிறது. விற்பதற்கு உங்களிடம் மிஞ்சுவதோ பாதிப் பார்சல்தான்.

இந்த முட்டுச்சந்தில் முட்டி நின்றவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரிக்க 1960களில் நாசாவோடு சேர்ந்து வேலை செய்த அமெரிக்காவின் பில்ஸ்பரி நிறுவனம், முடிந்த உணவைப் பரிசோதித்தே அதன் பாதுகாப்பை உறுதி செய்ய முயன்றது. போதிய உறுதி வேண்டுமானால் செய்ததில் பெரும்பகுதியைப் பரிசோதனைக்கே கொடுத்துவிட வேண்டும் என்று கண்டார்கள். அதன் பிறகுதான் வழியை மாற்றினார்கள்: எந்தப் படியில் ஆபத்து நுழைகிறது, எந்தப் படியில் அதைக் கொல்லலாம், அந்தப் படியில் எதை அளந்து எழுத வேண்டும். இன்று உலகம் முழுவதும் ஹசப் என்று சொல்லும் முறை அங்கிருந்து பிறந்தது. 1971இல் வெளியுலகுக்கு வந்தது. 1993இல் உலக உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையம் அதற்கான வழிகாட்டியை ஏற்றது. வானத்துக்குப் போன உணவுக்கே முடிவுப் பரிசோதனை போதவில்லை.

இன்னொரு வரம்பு இருக்கிறது. எனக்கு அதில்தான் கவலை அதிகம், ஏனென்றால் நம் ஊர்ச் சமையலோடு அது நேராக மோதுகிறது. நாங்கள் தேடுவது உயிருள்ள கிருமியை. ஆளைப் படுக்க வைப்பது பல வேளைகளில் அந்தக் கிருமி செத்துப்போகுமுன் விட்டுச்சென்ற நஞ்சு.

சில வருடங்களுக்கு முன் ஒரு வேலைத்தளத்தில் மதியச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒன்பது பேருக்கு முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று சிவந்தன. தலையிடி, நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் அரிப்பு. "கறி நாக்கில் மிளகு போலச் சுள்ளென்று குத்தியது" என்று ஒருவர் சொன்னார். மிஞ்சிய சூரை மீன் கறி எங்களிடம் வந்தது. கிண்ணங்களை எண்ணினால் அநேகமாக ஒன்றுமில்லை. நன்றாகக் கொதித்த கறி, கிருமி எப்படி இருக்கும்? நுண்ணங்கிப் பரிசோதனையை மட்டும் பார்த்தால் அந்தக் கறி முதல் தரத்தில் தேறியிருக்கும். இரசாயனப் பரிசோதனையில்தான், ஒவ்வாமை போன்ற குறிகளைத் தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் அள்ளிக் கிடப்பது தெரிந்தது. சூரை, கும்பளா, சூடை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடக்கும் மீனில் சில பக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு கழுவினாலும் பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது. ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கோடெக்ஸ் வரம்பு. மீன் பார்வைக்குக் கெட்டதாகத் தெரியாமலும் அந்த அளவைத் தாண்டியிருக்கலாம். ஆக, கச்சான் காற்று அனலாக வீசும் ஆடி மாதத்தில், ஐஸ் போடாத மீனை மோட்டார் சைக்கிள் பெட்டியில் கொண்டுவருபவரிடம் விலை குறைவு என்று சூரை வாங்கினால், அந்தத் தவற்றைத் திருத்தும் வல்லமை உங்கள் அடுப்புக்கு இல்லை. கண்டுபிடிக்கும் வல்லமை நீங்கள் காசு கட்டிய பரிசோதனைக்கும் இல்லை.

சோறும் இதே கதைதான். அரிசியோடு வரும் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்திகள் கொதிநீருக்குச் சாகாது. சோறு வடித்து இறக்கி, பெரிய பேசினில் குவித்து, ஈரத் துணியால் மூடி வைக்கிறீர்கள் அல்லவா? மேலே தொட்டால் ஆறியிருக்கும். கையை நடுவுக்குள் விட்டுப் பாருங்கள், பன்னிரண்டு மணிக்கும் வெதுவெதுவென்று இருக்கும். அந்த வெதுவெதுப்புத்தான் வித்தி முளைக்கத் தேடும் இடம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் பக்டீரியா நான்கு மணி நேரத்தில் ஒன்றிலிருந்து நாலாயிரத்துக்கு மேல் போகிறது. அது சோற்றில் விடும் வாந்தி நஞ்சு 121 பாகையில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாதது. நேற்றைய சோற்றை இன்று நன்றாகச் சூடாக்கிப் பரிசோதனைக்குக் கொடுத்தால் கிருமி எண்ணிக்கை குறைந்திருக்கும், நஞ்சு அப்படியே இருக்கும். மூக்கிலும் கைப்புண்ணிலும் வாழும் ஸ்ரபிலோகொக்கஸ் என்ற பக்டீரியாவின் நஞ்சும் கொதிக்கு அசையாது.

வைரஸ்களைப் பற்றி ஒரு சொல். செங்கண்மாரியைக் கொண்டுவரும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ், வயிற்றோட்டத்தைத் தரும் நோரோவைரஸ் இரண்டும் எங்கள் கிண்ணத்தில் முளைக்கவே முளைக்காது. வழமையான உணவு அறிக்கை அவற்றைத் தேடுவதும் இல்லை. செங்கண்மாரி வந்தவர் அந்த வைரஸை அதிகமாக வெளியேற்றுவது கண் மஞ்சளாவதற்கு முந்திய இரண்டு கிழமையில். அப்போது அவருக்கே தான் நோயாளி என்று தெரியாது. கழிப்பறைக்குப் போய்வந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது என்ற ஒன்றைத் தவிர உங்கள் வல்லாரைச் சம்பலுக்கு வேறு காவல் இல்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, அப்படியானால் ஆய்வுகூடமே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். என் வாழ்நாள் உழைப்பு அது, வீண் என்று நான் சொல்லமாட்டேன். கேள்வியைச் சரியாகக் கேட்டால் சரியான பதில் தரும். தவறான கேள்விக்கும் அது ஒரு எண்ணைத் தந்துவிடும், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கிண்ணியாப் பக்கம் எருமைத் தயிர் போடும் ஒருவர் ஒருநாள் முகம் வாடிப்போய் வந்தார். மொத்த பக்டீரியா எண்ணிக்கை கோடிக்கணக்கில் வந்துவிட்டதாம், வாங்குபவர் சரக்கைத் திருப்பிவிட்டாராம். தயிர் என்பதே உயிருள்ள பக்டீரியாக்களின் வேலை. ஒரு கிராமில் உறைப் பக்டீரியா ஒரு கோடிக்குக் குறையக் கூடாது என்று கோடெக்ஸ் நியமமே சொல்கிறது. அவருடைய தயிரில் கேட்க வேண்டிய கேள்வி, ஈ. கோலையும் சேர்ந்த கோலிபோம் என்ற பக்டீரியாக் கூட்டம் இருக்கிறதா, மதுவமும் பூஞ்சணமும் ஏறியிருக்கிறதா, காய்ச்சிய பால் ஆறும்போது யார் கை பட்டது, சட்டி நன்றாகக் காய்ந்திருந்ததா என்பவை. எண்ணிக்கை சரியாகத்தான் வந்தது, கேள்விதான் பிழை. நல்ல தயிர் பத்துச் சட்டி அன்று குப்பைக்குப் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

உங்கள் சமையலறைக்கு நான் எந்தக் கேள்விகளைக் கேட்பேன் என்று சொல்கிறேன். ஐந்து பார்சலை ஒரே நேரத்தில் எடுத்து அனுப்புவதை விட்டுவிடுங்கள். ஒரே சமையலில் கட்டிய பார்சல்களில் ஒன்றைக் கட்டிய உடனும், ஒன்றை ஒன்றரை மணிக்கும், ஒன்றை மாலை நாலு மணிக்கும் எடுத்து, எடுத்த உடனேயே ஐஸில் வைத்து அனுப்புங்கள். மூன்றுக்கும் இடையில் எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். இப்போது அறிக்கை உங்களுக்கு ஒன்றைக் கற்றுத் தரும்: என் பார்சல் எத்தனை மணிவரை தாங்கும். அதுவும் மழை நாளில் செய்யாதீர்கள், வெயில் கொளுத்தும் நாளில் செய்யுங்கள். மோசமான நாளில் தாங்கினால் நல்ல நாளிலும் தாங்கும். இதை வருடத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். அரிசியோ பாத்திரமோ கட்டும் முறையோ மாறினால் மறுபடி செய்யுங்கள்.

அடுத்தது துடைப்பு மாதிரி. வெட்டுப்பலகை, தேங்காய் துருவும் இயந்திரத்தின் பல், பார்சல் கட்டுபவரின் கை, குளிர்சாதனப் பெட்டியின் கைபிடி. கழுவித் துடைத்து, சுத்தம் என்று நீங்களே சொன்ன பிறகு அங்கே பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கொடுங்கள். அங்கே ஈ. கோலை வந்தால், நூறு பார்சலைத் திறந்தும் கிடைக்காத பதில் ஒரு பஞ்சுக்குச்சியில் கிடைத்துவிட்டது.

மாதிரியை அனுப்பும் விதத்திலும் கவனம் வேண்டும். கொழும்புக்கு அனுப்புவதென்றால் 250 கிலோமீற்றருக்கு மேல். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் பொதியோடு இரவு பஸ்ஸில் ஏற்றி, காலையில் ஒருவர் இறக்கி நேரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஐஸ் கரைந்து வெதுவெதுப்பில் போன மாதிரியின் முடிவு உங்கள் சமையலைப் பற்றியது அல்ல, பஸ் பயணத்தைப் பற்றியது.

இன்னொன்று, தினமும் ஒரு பார்சலைத் திகதி எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வைத்துவிட்டு எறியுங்கள். யாராவது நோயில் விழுந்தால் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கொடுக்க உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். ஆய்வுகூடம் தன் முழுப் பலத்தையும் காட்டும் இடம் இதுதான். தென்னாபிரிக்காவில் 2017, 2018இல் லிஸ்டீரியா என்ற பக்டீரியா 1,060 பேரைப் பிடித்து 216 பேரைக் கொன்றது. நோயாளிகளின் கிருமியையும் ஒரு தொழிற்சாலையில் கிடைத்த கிருமியையும் மரபணு வரிசை முழுவதும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பொலோனி என்ற இறைச்சி உருளையில் போய் நின்றார்கள். அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்கள்.

கெட்ட முடிவு வந்தால் "இன்னொரு தடவை பார்ப்போமே" என்று மட்டும் கேட்காதீர்கள். என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், நல்ல மனிதர்கள்தான், பயத்தில் கேட்பது. மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள்: திரும்ப எடுத்தால் சுத்தம் வருவதற்கே வாய்ப்பு அதிகம், முதல் மாதிரி பொய் என்பதால் அல்ல, கிருமி எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிராததால். அமெரிக்காவில் பீனட் கோப்பரேஷன் என்ற நிறுவனம் சல்மொனெல்லா காணப்பட்ட கச்சான் (நிலக்கடலை) பொருட்களை மறுபடி பரிசோதித்து, நல்ல முடிவு வந்ததும் விற்றது. 2008, 2009இல் 714 பேர் நோயுற்றதாகப் பதிவாகி, ஒன்பது பேர் இறந்தார்கள். அதன் தலைவருக்கு 2015இல் 28 வருடச் சிறை கிடைத்தது. நல்லதாக வந்த ஐந்து அறிக்கை, கெட்டதாக வந்த ஒன்றை அழிக்காது.

அந்த நிறுவனத்துக்கு என்ன சொல்வது? மாதாமாதம் ஐந்து பார்சல் என்பதற்குப் பதிலாக இதைத் தருகிறேன் என்று எழுதிக் கொடுங்கள்: சோற்றின் நடு வெப்பம், கறி இறக்கும்போது வெப்பம், கட்டிய நேரம், ஒப்படைத்த நேரம், மீன் வாங்கிய இடமும் ஐஸ் இருந்ததா என்பதும், நாள்தோறும் பதிந்த கொப்பியின் பிரதி. அதோடு வருடத்துக்கு ஒருமுறை அந்த மூன்று நேரப் பரிசோதனை, நாலு மாதத்துக்கு ஒருமுறை துடைப்பு மாதிரி, மாரியில் கிணற்று நீர். ஊசி வைத்த வெப்பமானி ஒன்றின் விலை ஒரு முறைப் பரிசோதனைச் செலவுக்கு வராது. சோற்றை 60 பாகைக்கு மேல் சூடாகவே வைத்திருந்து கட்டுங்கள். இரண்டு தவணையாக அரிசி போட்டால் அது முடியும், 120க்கும் சேர்த்து விடியவே வடித்தால் முடியாது. சம்பலைச் சூடான சோற்றோடு ஒட்டாமல் தனியாகக் கட்டுங்கள். நிறுவனத்தில் விளங்கியவர் ஒருவர் இருந்தால் இதைத்தான் விரும்புவார். இல்லை, முத்திரை குத்திய தாள்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், முதல் மூன்று மாதம் கொடுத்துவிட்டுக் கொப்பியையும் கூடவே கொடுங்கள். எதைப் பார்த்து நம்புவது என்று அவர்களே கண்டுகொள்வார்கள்.

கிணற்று நீர் என்றேன். நகரக் குழாய்நீர் கந்தளாயில் சுத்திகரித்து வருவது, ஆனால் உங்கள் தொட்டியைக் கடைசியாக எப்போது தேய்த்துக் கழுவினீர்கள் என்று எனக்குத் தெரியாது. பாத்திரம் கழுவக் கிணற்றைத்தான் பாவிக்கிறீர்கள் என்றால், நம் கரையோர மணலில் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே மறிப்பு ஏதுமில்லை. மழை இறங்கினால் நிலத்தடி நீர் இரண்டையும் இணைத்துவிடும். 100 மில்லிலீற்றரில் ஒரு ஈ. கோலைகூட இருக்கக் கூடாது என்பது நியமம். ஆவணியில் வற்றிக் கிடக்கும்போது எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், கார்த்திகையின் முதல் பெருமழைக்கு அடுத்த கிழமை எடுங்கள். போத்தலை ஆய்வுகூடத்திலேயே கேட்டு வாங்குங்கள். குளோரின் போட்ட நீருக்கான போத்தலில் சிறிதளவு மருந்து இட்டிருப்பார்கள், அதைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வழியிலும் வேலை செய்துகொண்டே வந்து முடிவைப் பொய்யாக்காமல் இருக்கத்தான் அது.